தோள்வார்

மார்ச் மாதம். ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது.
மனிடோபாவில் இதற்குப் பெயர் வசந்தம்.
ஹேங்கர் கதவின் இடுக்கில்
காற்று சீழ்க்கையடிக்கிறது.
ஒடார்க்கா விமானத்துக்குள் மல்லாந்து கிடக்கிறாள்,
பூட்ஸ் மட்டும் வெளியே.

நாற்பத்தாறில் பிறந்த விமானம்.
இரண்டு இருக்கை. துணி போர்த்திய இறக்கை.
இடுப்புக்கு மட்டும் ஒரு பட்டை.
அந்தக் காலத்து ஆட்களுக்கு
இடுப்புக்கு மேலே ஒன்றும் கிடையாதா என்றேன்.
"தொப்பி இருந்தது" என்றார் ஹ்யால்மர்.

ஹ்யால்மர் இதில் பாதிக்குச் சொந்தக்காரர்.
எந்தப் பாதி என்பது இன்னும் முடிவாகவில்லை.
செலவு என்று வந்தால் பின்பாதி.

நான் மாட்டு டாக்டர்.
கன்றை இழுக்கும் கயிறு எங்கே கட்டினால் நிற்கும்
எங்கே கட்டினால் அறுக்கும் என்று
கை அறியும்.
தோள்பட்டை என்று உடம்பே ஒன்று வைத்திருக்கிறது,
எலும்பால் ஆன பட்டை.
அது எதையும் பிடித்து நிறுத்தாது.

கூரைத் துணியைப் பிரித்தால்
இரண்டு இறக்கையும் கைகோக்கும் இடத்தில்
ஒரு குறுக்குச் சட்டம்.
வாரை மாட்ட அதைவிட்டால் வேறு இடமில்லை.
துளை போடக் கூடாது.
போட்டால், ஏதோ ஒரு கோடையில்
அந்தத் துளையிலிருந்து ஒரு விரிசல்
தவழக் கற்றுக்கொள்ளும்.
ஆகவே கவ்வி. எஃகு, நான்கு போல்ட்,
இடையில் மெல்லிய ரப்பர்.
முறுக்கும்போது ஒடார்க்கா மூச்சை நிறுத்திக்கொள்கிறாள்.
நானும்.

முதல் வாரைப் பூட்டிவிட்டு
"பெட்ரோல் குழாயை மூடு பார்ப்போம்" என்றாள்.
குழாய் கீழே, இருக்கைகளுக்கு நடுவே.
குனிந்தேன்.
நான்கு விரல் குறைந்தது.
உயிரைக் காக்க வந்த வார்
தீயை அணைக்க விடவில்லை.
ஹ்யால்மர் சிரித்தார். நியாயம்தான், சிரிக்கட்டும்.
எல்லாவற்றையும் கழற்றினோம்.

உருளை வரப் பத்து நாள்.
மெதுவாகப் போனால் விடும்,
வெடுக்கென்று போனால் பிடிக்கும் உருளை.

அளவு வேண்டும் என்றாள் ஒடார்க்கா.
"பழையபடி இடுப்புப் பட்டை மட்டும் போடு.
உடம்பைத் தளர்த்து.
நான் முதுகில் தள்ளுவேன், எங்கே போய் நிற்கிறாய் பார்க்கலாம்."
தள்ளினாள்.
நெற்றியில் ஜில்லென்று உலோகம்.

பேனலில் உயரமானிக்குக் கீழே
ஒரு பள்ளம் உண்டு.
பதினோரு வருஷமாக, காற்று குலுக்கும்போதெல்லாம்
என் கட்டைவிரல் போய் உட்காரும் இடம்.
யாரோ சுத்தியலைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.
இப்போது என் நெற்றி அதில் இருந்தது.
கிண்ணத்தில் முட்டை மாதிரி,
பொருந்தி.

லாக்புக்கை எடுத்தோம்.
ஐம்பத்தெட்டு, ஜூன்:
முன்கண்ணாடி மாற்றப்பட்டது.
புரொப்பெல்லர் புதிது.
பேனல் இயன்றவரை நிமிர்த்தப்பட்டது.
ஆளைப் பற்றி ஒரு சொல் இல்லை.
தலையெழுத்து என்பார்கள்.
தலை எழுதியது இங்கேதான் இருந்தது,
படிக்கத்தான் தெரியவில்லை எனக்கு.

ஹ்யால்மர் வெளியே போனார்.
பனியில் கொஞ்ச நேரம் நின்றார்.
திரும்பி வந்து
இரண்டு இருக்கைக்கும் உருளை சொல்லு என்றார்,
முழுப் பணமும் தன்னுடையது என்றார்.
எந்தப் பாதி என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று கிலோ கூடியதாக எடைத்தாளில் ஏறியது.
அவர் தெர்மாஸை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்,
சரிக்குச் சரி.

ஏப்ரல் கடைசியில் கிளம்பினோம்.
ஏரி நடுவில் கறுத்து, ஓரத்தில் வெள்ளையாக.
ஒன்றும் நடக்கவில்லை.
தீவுக்கு அப்பால் வழக்கமான குலுக்கல்.
கட்டைவிரல் தானாகக் கிளம்பியது.
தோளை மெதுவாக முன்னே சாய்த்தேன்.
வார் யோசித்தது,
விட்டது.